பிரேம்சந்தும் எழுதுவதற்கான நேரமும்

எழுத ஆவல் உண்டு, நேரந்தான் இல்லை என்று கூறும் ஆசிரிய நண்பர்கள் பலரை நாம் அறிவோம். நானும் அவ்வாறு கூறியிருக்கிறேன். திருத்தவேண்டிய கொப்பிக் கட்டுகள் ஒருபுறம், வீட்டுக் கவலைகள் மறுபுறம்; இவற்றுக்கு நடுவே இலக்கியம் எங்ஙனம் பிறக்கும் என்பது நமது வாதம். இவ்வாதத்தின் அடியில் ஓர் எண்ணம் ஒளிந்திருக்கிறது. இலக்கியமானது ஓய்வுள்ளவனைத் தேடி எங்கிருந்தோ வந்திறங்கும் அருள் என்பதே அது. இவ்வெண்ணம் சரிதானா என்று பார்ப்பதற்கு ஒருவருடைய வாழ்க்கையை எடுத்துக்கொள்வோம். அவரும் நம்மைப் போன்ற ஒரு பாடசாலை ஆசிரியரே.

காசிக்கு அருகிலுள்ள லம்ஹி என்னும் கிராமத்தில் 1880 ஜூலை 31ஆம் திகதி ஒரு தபாற்கந்தோர் எழுதுவினைஞரின் மகனாகப் பிறந்தவர் தன்பத் ராய். சிறு வயதிலே தாயை இழந்தார். பதினைந்து வயதளவில் மணம் செய்துவைக்கப்பட்டார். 1897இல் தந்தையும் மறைய, குடும்பச் சுமை முழுவதும் அவர் தலையில் விழுந்தது. ஒரு வழக்கறிஞரின் மகனுக்குப் பாடஞ் சொல்லிக்கொடுத்து மாதம் 5 ரூபா பெற்றார். அதிலும் ஒரு பகுதி வீட்டுக்குப் போயிற்று. கையிற் காசில்லாத ஒரு மாலையில் தமது கணித நூலொன்றை விற்கப் புத்தகக் கடைக்குச் சென்றார். அங்கே எதிர்ப்பட்ட தலைமையாசிரியர் ஒருவர் அவருக்கு உதவியாசிரியர் பதவி அளித்தார். 1899இல் சுனார் என்னும் ஊரில் அவர் ஆசிரியரானது இப்படித்தான். சம்பளம் மாதம் 18 ரூபா. கணிதத்தில் தவறியதால் அவர் இன்டர்மீடியட் பரீட்சையில் தேறுவதற்கு 1916 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பி. ஏ. பட்டம் பெற்றது 1919இல். அதற்குள் உருது, இந்தி வாசகர்கள் அவரை நன்கறிவர்.

வறுமை ஒரு தடை. அரசாங்கம் இன்னொரு தடை. 1908இல் 'நவாப் ராய்' என்னும் பெயரில் 'சோஸே வதன்' என்ற உருதுச் சிறுகதைத் தொகுதியை வெளியிட்டார். தேசாபிமானம் ததும்பும் ஐந்து கதைகள் அதில் இருந்தன. பின்னர் அவர் ஹமீர்பூர் மாவட்டத்திற் பாடசாலைகளைப் பரிசோதிக்கும் உத்தியோகத்தில் அமர்ந்தார். கலெக்டர் அழைக்கிறார் என்ற செய்தி வந்தது. இரவோடிரவாக மாட்டுவண்டியிற் சென்று நின்றவருக்குக் கிடைத்தது வசைமாரி. எஞ்சிய பிரதிகள் எரிக்கப்பட்டன. இனி எதை எழுதினும் அனுமதி பெற்றே எழுதவேண்டும் என்ற கட்டளையும் பிறந்தது. எழுதுவதை நிறுத்திக்கொள்வதற்கு இதைவிடத் தகுந்த காரணம் வேண்டுமா? அவரோ பெயரை மாற்றிக்கொண்டார். 1910 டிசெம்பரில் கான்பூர் 'ஜமானா' சஞ்சிகையில் வெளிவந்த கதையொன்றின் கீழ் 'பிரேம்சந்த்' என்ற பெயர் முதன்முறையாகக் காணப்பட்டது. அந்தப் புனைபெயரை யோசனை கூறியவர் அச்சஞ்சிகையின் ஆசிரியர் தயாநாராயண் நிகம். அடக்குமுறை ஒரு பெயரைக் கொன்றது, மறுபெயர் நிலைத்துவிட்டது.

இனி, அவருக்கு எழுத்தின் உந்துதல் எங்கிருந்து வந்தது என்று நோக்குவோம். நேரத்தைத் தின்ற அந்த உத்தியோகமே அவரை ஊரூராக இட்டுச் சென்றது. புந்தேல்கண்டின் வரட்சியான கிராமங்களில் அலைந்த நாட்களில் அவரது வயிறு கெட்டது. அந்நோய் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது. ஆயினும் அம்மண்ணின் வீரக்கதைகள் அவருடைய ஆரம்பகாலச் சிறுகதைகளாயின. வட்டிக்கடை, குத்தகை, சாதிக் கொடுமை, கடனுக்கு அஞ்சும் உழவன் ஆகிய எல்லாவற்றையும் அவர் நூல்களிற் படிக்கவில்லை, கண்ணாரக் கண்டார். 1936இல் வெளிவந்த 'கோதான்' நாவலில் ஒரு பசுவுக்காக ஏங்கியே அழிந்துபோகும் ஹோரி என்ற குடியானவன், ஓய்வறையிற் பிறந்த கற்பனையன்று.

1921 பெப்ரவரியிற் காந்தியடிகள் கோரக்பூரிற் பேசியதைக் கேட்ட சில நாட்களில், ஏறக்குறைய இருபதாண்டு அரசாங்க உத்தியோகத்தைப் பிரேம்சந்த் துறந்தார். இனி நேரமெல்லாம் எழுத்துக்கே என்று நாம் எண்ணலாம். நடந்தது வேறு. 1923இற் காசியில் 'சரஸ்வதி' அச்சகத்தை நிறுவினார். அது நட்டத்தை அன்றி வேறெதையும் தரவில்லை. 1930இல் 'ஹம்ஸ்' மாதசஞ்சிகையைத் தொடங்கினார். அதே ஆண்டில் அரசாங்கம் பிணைப்பணம் கேட்டது. 1932இல் 'ஜாகரண்' வாரப்பத்திரிகையையும் ஏற்று மேலும் கடன்பட்டார். அக்கடனைத் தீர்க்கவே 1934இற் பம்பாய்ச் சினிமாவுக்குக் கதையெழுதச் சென்றார். ஆலைத் தொழிலாளரைப் பற்றிய அவரது 'மஜ்தூர்' படத்துக்குத் தணிக்கையாளர் தடை விதித்தனர். மறு ஆண்டே ஊர் திரும்பினார். (அவருடைய 'சேவாசதன்' நாவல் 1938இற் கே. சுப்பிரமணியத்தின் தமிழ்ப் படமாக வந்ததை மூத்த வாசகர்கள் கேள்வியுற்றிருப்பர். அதைக் காண அவர் உயிரோடிருக்கவில்லை.)

1936 ஏப்ரலில் லக்னோ நகரிற் கூடிய அகில இந்திய முற்போக்கு எழுத்தாளர் முதல் மாநாட்டுக்குத் தலைமை வகித்து, அழகு பற்றிய நமது அளவுகோலே மாறவேண்டுமென்று அவர் வாதித்தார். அவ்வாண்டு 'ஹம்ஸ்' மீது மீண்டும் பிணைப்பணம் விதிக்கப்பட்டது. நோய்ப் படுக்கையிலிருந்தவாறே அதைக் கட்டச்செய்து சஞ்சிகையை வாழவைத்தார். ஒக்டோபர் 8ஆம் திகதி, 56ஆவது வயதிற் காலமானார். 'மங்கள்சூத்ர' என்ற நாவல் குறையாகவே நின்றது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். துன்பமே இலக்கியத்தின் தாய் என்று கூறுவோர் உளர். இது வயிறு நிறைந்தவரின் தத்துவம். வறுமை பிரேம்சந்தை உருவாக்கவில்லை. அவரது ஆயுளைக் குறைத்தது. அதே 18 ரூபாவில் வாழ்ந்து, ஒருவரியும் எழுதாமல் மடிந்த எத்தனை ஆசிரியர்கள் இருந்திருப்பர்! அவரைக் காத்தவை இரண்டு. முதலாவது, எழுத்தை அருளென்று கருதாது அன்றாட உழைப்பென்று கருதியமை. மகன் அம்ருத் ராய் 1962இல் எழுதிய வாழ்க்கை வரலாற்றுக்குப் 'பேனாவின் போர்வீரர்' என்று பொருள்படப் பெயரிட்டார். மதன் கோபால் தமது நூலிற் 'பேனாவின் தொழிலாளி' என்றார். இரண்டாவது பெயரே எனக்கு அதிகம் பொருந்துவதாகத் தோன்றுகிறது.

மற்றது, நாம் பெரிதும் பேசாத ஒன்று. 1906இல் அவர் மறுமணம் செய்துகொண்ட சிவராணி தேவி இளம் விதவையாயிருந்தவர். தாமும் கதைகள் எழுதியவர். 1930இல் அந்நியத் துணி மறியலிற் சிறை சென்றவர். உத்தியோகத்தைத் துறக்கும் முடிவுக்கு அவரது சம்மதமும் இருந்தது. கணவர் மறைந்தபின் 1944இல் அவர் வெளியிட்ட 'வீட்டிற் பிரேம்சந்த்' என்னும் நினைவு நூல், அந்த எழுத்துமேசையைச் சுற்றி நடந்த குடும்ப வாழ்வை நமக்குக் காட்டுகிறது. ஓர் எழுத்தாளனுக்கு நேரம் கிடைத்ததென்றால், அது யாரோ ஒருவருடைய நேரத்திலிருந்தே எடுக்கப்பட்டிருக்கிறது. சிவராணி எழுதாமல் விட்ட கதைகளுக்கு யார் கணக்கு வைத்தார்கள்?

ஆகவே, நேரமில்லை என்ற நமது முறைப்பாடு பொய்யன்று. உழைப்பவனுக்கு ஓய்வைத் தராத சமுதாயம் மாறியே தீரவேண்டும். ஆனால் அது மாறும்வரை பேனாவை மூடிவைப்போமாயின், அதை மாற்றுவதற்குரிய சொற்களில் ஒரு பகுதியையும் சேர்த்தே மூடிவைக்கிறோம். இன்றிரவு கொப்பிகளைத் திருத்தி முடித்தபின் அரைமணி நேரம் மிஞ்சலாம். வீட்டு வேலையிற் பாதியை நாம் ஏற்றுக்கொண்டால், அந்த அரைமணி நம் வீட்டிலுள்ள இன்னொருவருக்கும் மிஞ்சும்.