சித்தேரி மலையின் இரு பக்கங்கள்: தருமபுரியில் எழுச்சியும் மருத்துவத் தொண்டும், 1980–2023

2014 பிப்ரவரி 20 அன்று உக்ரைன் தலைநகர் கீவில், மைதான் சதுக்கத்தில் திரண்டிருந்தவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தபோது, அருகிலிருந்த புனித மைக்கேல் மடாலயமும் ஒரு பெரிய ஓட்டலின் முன்கூடமும் சில மணி நேரத்தில் மருத்துவமனைகளாயின. அறுவை மருத்துவர்களும் செவிலியர்களும் மாணவர்களும் அழைக்காமலே வந்து நின்றார்கள். தொண்டராக வந்திருந்த 21 வயதுச் செவிலியர் ஒருவர் கழுத்தில் குண்டு பாய்ந்து, சாவின் விளிம்புவரை போய்ப் பிழைத்தார். அவர்கள் அங்கே இருந்ததற்கு மனிதநேயம் ஒரு காரணம். கீவ் ஒரு தலைநகரம் என்பது இன்னொரு காரணம். கல்லூரியும் மருத்துவமனையும் மருந்துக்கடையும் சதுக்கத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தன.

தமிழர் இத்தகைய களத்துக்குப் புதியவர்கள் அல்லர். 1906இல் தென்னாப்பிரிக்காவின் நட்டாலில் பம்பாதா தலைமையில் சுலு மக்கள் கிளர்ந்தெழுந்தபோது, காந்தி ஒரு சிறு தூக்குப்படுக்கைப் படையைக் கொண்டுபோனார். மொத்தம் 24 பேர். தாமும் நான்கு குஜராத்திகளும் ஒரு பட்டாணியரும் போக, மற்றவர்கள் ஒப்பந்தக் கூலி முடித்து விடுதலையான தென்னிந்தியர்கள் என்று தம் தன்வரலாற்றில் அவர் எழுதுகிறார். அரசின் சீருடையில் சென்ற அவர்களுக்கு வாய்த்த வேலை, சவுக்கடி பட்டுப் புண் சீழ்பிடித்துக் கிடந்த சுலுக்களுக்கு மருந்து கட்டுவது. வெள்ளையர் தொட மறுத்த புண்கள் அவை. காந்தியின் பெயரை நினைவில் வைத்த வரலாறு, அந்தத் தென்னிந்தியக் கூலிகளின் பெயர்களைப் பெரிதாகத் தேடவில்லை.

தருமபுரியின் கதை இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது. இங்கே அடிபட்டவர்கள் இருந்தார்கள், மருத்துவர் இல்லை. இந்த இல்லாமையை மையத்தில் வைத்து மாவட்ட வரலாற்றைப் படிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். நகரத்து எழுச்சிக்கு மருத்துவர் நடந்தே வந்துவிடுகிறார். மலையடிவாரத்துக்கு அவர் வந்து குடியேறினால்தான் உண்டு.

சேலத்திலிருந்து 1965 அக்டோபர் 2 அன்று பிரிக்கப்பட்ட தருமபுரி, மழையை நம்பிய மானாவாரி மண். 1970களில் இங்கும் பக்கத்து வட ஆர்க்காட்டிலும் நக்சல்பாரி இயக்கம் வேர்பிடிக்கக் கந்துவட்டியும் அற்பக் கூலியும் தேநீர்க்கடைகளின் இரட்டைக் குவளையும் போதுமான காரணங்களாக இருந்தன. நாயக்கன்கொட்டாய்ப் பகுதியைச் சேர்ந்த பாலன் போன்ற இளைஞர்கள் அதில் சேர்ந்தார்கள். 1980 ஆகஸ்ட் 6 அன்று திருப்பத்தூரில் கைதானவர்களைக் கொண்டுசென்றபோது குண்டு வெடித்தது. காவல் ஆய்வாளர் பழனிச்சாமியும் காவலர்களும் இறந்தார்கள். அவருடைய மகளின் பெயரால் ‘ஆபரேஷன் அஜந்தா’ என்ற வேட்டை தொடங்கியது. எம்.ஜி.ஆர். ஆட்சி, களத்தில் காவல் அதிகாரி வால்டர் தேவாரம். செப்டம்பரில் பாலன் இறந்தார். பொதுக்கூட்டத்தில் பிடித்துப் போலீசார் அடித்ததே காரணம் என்பது தோழர்களின் குற்றச்சாட்டு. ‘மோதல் சாவு’ என்ற சொல் தருமபுரிக் கிராமங்களுக்குப் பழகிப்போனது அந்த ஆண்டுகளில்தான்.

இரண்டு தரப்பிலும் செத்தவர்களுக்கு நினைவுநாள் உண்டு. நடுவில் சிக்கியவர்களுக்கு, அதாவது ‘நக்சலுக்குச் சோறு போட்டாயா’ என்று விசாரணைக்கு இழுக்கப்பட்ட விவசாயக் கூலிகளுக்கு, அது இல்லை. அடிவாங்கி வீடு திரும்பியவரின் காயம் எந்தப் பதிவேட்டிலும் ஏறவும் வழியில்லை. மாவட்டத் தலைநகருக்கு அரசு மருத்துவக் கல்லூரி கிடைத்ததே 2008இல்தான்.

எழுச்சி ஓய்ந்த பிறகும் அரசின் பழக்கம் ஓயவில்லை. சித்தேரி மலையடிவாரத்தில், அரூர்ப் பகுதியில் இருக்கிறது வாச்சாத்தி. மலையாளிப் பழங்குடியினரின் ஊர். இங்கே யாரும் எந்த எழுச்சியும் செய்யவில்லை. சந்தனமரக் கடத்தலைத் தேடுவதாகச் சொல்லி 1992 ஜூன் 20 அன்று வனத்துறையினர் 155 பேர், போலீசார் 108 பேர், வருவாய்த் துறையினர் 6 பேர் ஊருக்குள் புகுந்தார்கள். ஆண்களில் பலர் மலைக்கு ஓடிவிட்டார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன, ஆடு மாடுகள் கொள்ளைபோயின, கிணறுகள் பாழாக்கப்பட்டன. 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். 90 பெண்களும் 28 குழந்தைகளும் 15 ஆண்களும் கைதாகிச் சேலம் சிறைக்குப் போனார்கள். பாதிக்கப்பட்டவர்களையே குற்றவாளிகளாக்கி உள்ளே தள்ளியபின், காயத்தை யாரிடம் காட்டுவது?

வாச்சாத்திக்கு முதலில் வந்த தொண்டர்கள் மருந்துப் பெட்டியோடு வரவில்லை. மனு எழுதும் தாளோடு வந்தார்கள். அடுத்த மாதம் தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தின் பெ. சண்முகமும் தோழர்களும் ஊருக்குள் சென்று, ஒளிந்திருந்தவர்களைத் தேடிப் பிடித்துப் பேசவைத்தார்கள். மார்க்சிஸ்ட் கட்சியின் அ. நல்லசிவன் உச்ச நீதிமன்றம்வரை போனார். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையத்தின் பாமதி நேரில் விசாரித்து அறிக்கை கொடுத்தார். 1995இல் உயர் நீதிமன்றம் வழக்கைச் சிபிஐயிடம் ஒப்படைத்தது. இவர்கள் அனைவரும் திரட்டியது வாய்மொழிச் சாட்சியம். உடலில் இருந்த சான்று அதற்குள் ஆறிப்போயிருந்தது.

பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணை, தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்ற 164ஏ பிரிவு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் நடைமுறைக்கு வந்தது 2006இல். அரசு, தனியார் என்ற வேறுபாடின்றி எல்லா மருத்துவமனைகளும் இலவசமாக உடனடிச் சிகிச்சை தர வேண்டும் என்ற 357சி பிரிவு 2013இல் வந்தது. 1992இல் இரண்டும் இல்லை. இருந்திருந்தாலும், அரூர்க் காட்டோரத்தில் அதிகாரிகளுக்கு எதிராகச் சான்று எழுதும் துணிச்சல் உள்ள மருத்துவரை எங்கே போய்த் தேடுவது என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

அதே சித்தேரி மலையின் மறுபக்கத்தில், கல்வராயன் மலைக்கும் அதற்கும் இடையே சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு இருக்கிறது. 1993இல் ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி என்ற மருத்துவத் தம்பதி அங்கே வந்து தங்கினார்கள். ஆலப்புழை மருத்துவக் கல்லூரியில் படித்துக் காந்திகிராமத்தில் பணியாற்றியவர்கள். மலையாளிப் பழங்குடியினரும் லம்பாடிகளும் வாழ்ந்த அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து அரூர் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். பிரசவம் சிக்கலானால் தாயும் பிள்ளையும் வழியிலேயே போய்விடுவது வழக்கமாக இருந்தது. ஊர்க்காரர்கள் போட்டுக்கொடுத்த ஒரு குடிசைதான் முதல் மருத்துவமனை. ஆயிரம் பிறப்புக்கு 147 ஆக இருந்த சிசு மரணம் பிற்பாடு இருபதுகளுக்கு இறங்கியதாக அவர்கள் நிறுவிய அமைப்பின் கணக்கு சொல்கிறது.

எண்ணைவிட முக்கியமானது அதற்குப் பின்னால் இருந்த முறை. வெளியூர்ச் செவிலியர்கள் இந்தக் காட்டில் நிலைக்க மாட்டார்கள் என்பது முதலிலேயே தெரிந்துவிட்டது. அதனால் பள்ளத்தாக்கின் பெண்களையே செவிலியர்களாகவும் நலப் பணியாளர்களாகவும் பயிற்றுவித்தார்கள். அதிகம் படித்திராத மூத்த பெண்கள்கூடக் கர்ப்பிணியைப் பார்க்கவும் குழந்தையின் எடையைக் குறித்துவைக்கவும் கற்றார்கள். காயத்தைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதத் தெரிந்த ஒருவர் ஊருக்குள்ளேயே இருப்பது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை, வாச்சாத்தியைத் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இதைக் காரண காரியமாக முடிச்சுப் போடக் கூடாது. சிட்லிங்கி மருத்துவமனை வாச்சாத்திக்குப் பதிலாகத் தோன்றியதல்ல. இரண்டும் ஒரே வறுமையின், ஒரே புறக்கணிப்பின் இரு முகங்கள் என்பதற்கு மேல் சொல்வது மிகை. ஆனால் ஒன்றை நீதிமன்ற வரலாறாகவும் மற்றதைச் சேவைக் கதையாகவும் பிரித்து எழுதிவரும் நம் பழக்கம் தவறானது. சேவைக் கதையில் அரசு காணாமல் போகிறது. நீதிமன்ற வரலாற்றில் உடல் காணாமல் போகிறது.

2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி முதன்மை அமர்வு நீதிமன்றம், குற்றம்சாட்டப்பட்ட 269 பேரில் அதற்குள் இறந்துவிட்ட 54 பேர் போக, மீதி 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. சரியாகப் பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று, ஊருக்கே நேரில் போய்ப் பார்த்துவந்த உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தார். உண்மையான கடத்தல்காரர்களைக் காப்பாற்றவே ஊர்மக்கள் பலியாக்கப்பட்டார்கள் என்று கூறி, 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் வழங்கவும், அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்கவும் உத்தரவிட்டார். அன்றைய ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர்மீது நடவடிக்கை எடுக்கவும் சொன்னார். அந்தத் தீர்ப்பைத் தாங்கி நின்றது, முப்பது ஆண்டுகளாகச் சொன்னதையே மாற்றாமல் சொன்ன பெண்களின் சாட்சியம்.

அந்தப் பெண்கள் முதுமையை நெருங்குகிறார்கள். சிட்லிங்கியின் முதல் தலைமுறை நலப் பணியாளர்களும் அப்படியே. இவர்களின் வாய்மொழியை ஒரே திட்டத்தின் கீழ் பதிவுசெய்யும் பணியைத் தமிழகப் பல்கலைக்கழகங்களின் வரலாற்றுத் துறைகள் இனியும் தள்ளிப்போடக் கூடாது.