நிர்ப்பீடனக் கலங்களின் தோற்றுவாய்

முலையூட்டிகளின் நிர்ப்பீடனக் கலங்கள் முளையத்தின் எப்பகுதியில் முதன்முதல் தோன்றுகின்றன என்னும் வினா ஆய்வாளரை நெடுங்காலம் பிரித்து வைத்தது. 1970இல் மெல்போண் நகரில் சுண்டெலி முளையங்களை ஆராய்ந்த மூரும் மெற்காவும், முளையத்துக்குப் புறத்தேயுள்ள கருவூண்பையிற் பிறக்கும் மூலக்கலங்களே ஈரலையும் பின்னர் என்பு மச்சையையும் சென்றடைகின்றன என்றனர்.

1975இல் பிரான்சு நாட்டவரான டியெற்றர்லன்-லியேவர் காடை முளையத்தைக் கோழியின் கருவூண்பையோடு ஒட்டி வளர்த்தார். குருதி ஆக்கும் உறுப்புகளிற் காணப்பட்டவை காடைக் கலங்களே! எனவே நிலைத்த ஊற்று முளையத்தின் உடலுக்குள்ளேயே இருத்தல் வேண்டும். ஆயினும் பறவைக்குப் பொருந்துவது முலையூட்டிக்கும் பொருந்துமா? 1996இல் மெட்வின்ஸ்கியும் டியர்சாக்கும் இதற்கு விடை கண்டனர். சுண்டெலி முளையத்திற் பத்தாம் நாளளவில், பெருநாடியை அடுத்த பகுதியிலேயே அத்தகைய மூலக்கலங்கள் எழுகின்றன.

இத்துடன் கருவூண்பைக் கொள்கை முற்றாக வீழ்ந்ததெனப் பலர் கருதியிருக்கலாம். ஆனால், மூளையைக் காக்கும் மைக்குரோக்கிளியாக் கலங்கள் கருவூண்பையின் ஆதித் தின்குழியங்களின் வழிவந்தவை என்பதை 2010இல் ஜின்ஹூ குழுவினர் நிறுவினர். இரு சாராரின் அவதானங்களிலும் உண்மை இருந்தது; ஊற்று ஒன்றே என்ற எடுகோளே தவறாயிற்று.