லாடம் தேயலையே, எதுக்கு மாத்தணும்? குதிரைக் குளம்பு பராமரிப்பில் கவனிக்க வேண்டியவை!

திருஷ்டி படக் கூடாது என்று வீட்டு நிலைவாசலில் லாடம் அடித்து வைத்திருப்போம். அதே லாடத்தோடு நாள் முழுக்க நடக்கும் குதிரையின் காலைக் கவனித்திருக்கிறோமா? கொடைக்கானல் ஏரிச் சாலையிலோ மெரினாவிலோ குழந்தையைக் குதிரை மேல் ஏற்றிவிட்டு போட்டோ எடுப்பதோடு சரி. ஆனால், அனுபவமுள்ளவர்கள் குதிரையை வாங்கும்போது முதலில் தூக்கிப் பார்ப்பது காலைத்தான்.

குளம்பும் ஒரு நகம்தான்

நம் விரல் நகம்போல, குளம்பும் கெராட்டின் என்ற புரதத்தால் ஆனது. மாதத்துக்குச் சுமார் 6 முதல் 10 மில்லிமீட்டர் வளரும். மண் தரையில் மேயும் குதிரைக்குப் பெரும்பாலும் லாடமே தேவைப்படாது. அவ்வப்போது சீவிவிட்டால் போதும். தார்ச் சாலையில் ஆளைச் சுமந்து நடக்கும் குதிரைக்கோ, வளர்வதைவிட வேகமாகக் குளம்பு தேயும். அதற்குத்தான் லாடம்.

பலரும் கோட்டை விடுவது இங்கேதான். இரும்பு தேயவில்லை என்றாலும், அதற்கு மேலே நகம் வளர்ந்துகொண்டேதான் இருக்கும். குளம்பின் முன்பக்கம் நீளும். லாடமும் அதோடு முன்னால் நகர்ந்துவிட, குதிகாலுக்குத் தாங்கல் இருக்காது. தசைநார்களில் இழுவை கூடி, குதிரை நொண்ட ஆரம்பிக்கும். அதனால், லாடம் தேய்ந்ததா என்று பார்க்காமல் காலண்டரைப் பாருங்கள். 6 வாரத்துக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றி, நகத்தைச் சீவ வேண்டும். லாடம் நன்றாக இருந்தால் அதையே திரும்ப அடிக்கலாம்.

லாடம் அடிக்கும்போது...

* குளம்பின் அளவுக்கு லாடத்தை வளைக்க வேண்டும். லாடத்துக்கு ஏற்ப குளம்பை அராவக் கூடாது.

* குளம்பின் வெளிச்சுவரில் நரம்போ ரத்தமோ கிடையாது. அடிப்பாகத்தைச் சுற்றித் தெரியும் வெள்ளைக்கோட்டுக்கு வெளியேதான் ஆணி இறங்க வேண்டும். உள்ளே போனால் வலி, சீழ் இரண்டும் வரும். லாடம் அடித்த ஓரிரு நாளில் நொண்டினால் உடனே காட்டிவிடுங்கள்.

தினமும் 5 நிமிடம்

* வளைந்த கொக்கியால் குதிகாலிலிருந்து முன்பக்கமாகச் சுரண்டி, கல், மண், சாணத்தை எடுங்கள். நடுவிலுள்ள முக்கோண மெத்தைப் பகுதியைக் குத்திவிடாதீர்கள்.

* அதன் பள்ளங்களில் கறுப்புக் கசிவும் துர்நாற்றமும் இருந்தால் அழுகல் தொடங்கிவிட்டது. லாயத்தில் ஈரம் தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

* குளம்பு சூடாக இருந்து, குதிரை முன்னங்காலை நீட்டிப் பின்னால் சாய்ந்து நின்றால் அவசரம். தானியத்தை அளவுக்கு மீறித் தின்றாலும் இந்தக் குளம்பு அழற்சி வரும். மருத்துவர் வரும்வரை நடக்க வைக்காதீர்கள்.

* ஆணி, கம்பி குத்தினால் டெட்டனஸ் ஆபத்து உண்டு. குதிரையை அது எளிதில் தாக்கும். தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

சவாரி போகிறீர்களா?

ஏறுவதற்கு முன் குதிரையை நாலு எட்டு நடத்திக் காட்டச் சொல்லுங்கள். ஒரு முன்னங்கால் தரையில் படும்போதெல்லாம் தலையைத் தூக்கினால், அந்தக் காலில் வலி இருக்கிறது. அதில் ஏற வேண்டாம். கூடவே, "அண்ணே, கடைசியா எப்போ லாடம் கட்டுனீங்க?" என்று கேளுங்கள். ஒழுங்காக வளர்ப்பவர் யோசிக்காமல் தேதியைச் சொல்லிவிடுவார்.