பூசணியான புத்தகங்கள்

பழைய பேப்பர்பேக் நாவல் ஒன்றை எடுத்து அட்டையைக் கிழித்துவிட வேண்டும். முதுகை நடு அச்சாக வைத்து அரைப் பூசணிக்காயின் வடிவத்தை முதல் பக்கத்தில் வரைந்து, கூரான கத்தியால் பத்துப் பத்துப் பக்கமாக அறுத்துக்கொண்டே போக வேண்டும். பிறகு முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் ஒன்றையொன்று தொடும்வரை புத்தகத்தைச் சுற்றி வளைத்து ஒட்டினால், தாள்கள் விசிறியாக விரிந்து முழுப் பூசணி வந்துவிடும். ஓரங்களுக்கு ஆரஞ்சு ஸ்பிரே, காம்புக்கு ஒரு பட்டைத் துண்டு. கெட்டி அட்டைப் புத்தகமென்றால் அது சூனியக்காரியின் மந்திர நூல். பக்கங்களை டிகாஷனில் நனைத்துக் காயவைத்து, அட்டையில் சூடான பசையால் நரம்பு நரம்பாகக் கோடிழுத்து, பிளாஸ்டிக் மண்டையோடு ஒன்றை ஒட்டி, எல்லாவற்றின் மேலும் கறுப்பு பெயிண்ட் அடித்து, மேடுகளில் மட்டும் லேசாகத் தங்க நிறம் தேய்த்தால் ஆயிற்று. அக்டோபர் வந்தால் அமெரிக்க வீட்டு வாசல்களில் இவற்றைப் பார்க்கலாம்.

போன வருடம் என் மகளுக்காக நானும் உட்கார்ந்தேன். நூலகத்தின் கழிவு விற்பனையில் ஒரு டாலருக்கு வாங்கிய தடித்த சுருக்க நாவல் தொகுப்பு. இலக்கிய மதிப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அட்டையைத் திறந்ததும் வெற்றுத் தாளில் நீல மையில் இரண்டு வரி: மகளுக்கு, அப்பா, கிறிஸ்துமஸ் 1961. கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

புத்தகம் காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் ஊரிலிருந்து வந்தவன் என்பதால் வந்த தயக்கம் என்று முதலில் நினைத்தேன். அதே ஊரில்தான் பாடப் புத்தகத் தாளில் சுண்டல் வாங்கித் தின்றேன் என்பதும் ஞாபகம் வந்தது. ஆக, ஒரு புத்தகம் எப்போது வெறும் தாளாகிறது? இந்தக் கேள்விக்கு ஐரோப்பாவில் நீண்ட வரலாறு இருக்கிறது.

காகிதம் பரவும்வரை அங்கே புத்தகம் என்றால் விலங்குத் தோல். ஒரு பெரிய விவிலியப் பிரதிக்கு நூற்றுக்கணக்கான கன்றுகள் தேவைப்பட்டன. எழுத்து வேண்டாமல் போனாலும் தோல் வேண்டும். அதனால் மையைச் சுரண்டிவிட்டு மேலே எழுதினார்கள். ஆர்க்கிமிடீஸின் நூல்களைக் கொண்ட 10ஆம் நூற்றாண்டுக் கிரேக்கப் பிரதி ஒன்றுக்கு 1229இல் நடந்தது இதுதான். தாள்களைப் பிரித்து, சுரண்டி, தொண்ணூறு பாகை திருப்பி, இரண்டாக மடித்து, பிரார்த்தனைப் புத்தகமாக்கினார்கள். மென்பொருளில், எந்தச் சுட்டியும் காட்டாத நினைவிடத்தைப் பிடுங்கி வேறொன்றுக்குக் கொடுத்துவிடுவோம். 1229இல் ஆர்க்கிமிடீஸை நோக்கி ஒரு சுட்டியும் இல்லை. 1906இல் டென்மார்க் அறிஞர் ஹைபர்க் இஸ்தான்புல்லில் அந்தப் பிரார்த்தனைகளுக்கு அடியில் கணிதத்தைப் படித்தார். வேறெங்கும் கிடைக்காத ‘முறை’ என்ற நூலும் அதில் இருந்தது. அந்தத் துறவியைத் திட்டத் தோன்றும். எனக்கென்னவோ அவர்தான் காப்பாற்றினார் என்று படுகிறது. பிரார்த்தனைப் புத்தகமாக இருந்ததால்தான் யாரோ அதைப் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

கதை அங்கே முடியவில்லை. ஹைபர்க் பார்த்த பிறகு காணாமல் போன பிரதி, 1998 அக்டோபர் 29 அன்று, சரியாக ஹாலோவீனுக்கு இரண்டு நாள் முன்பு, நியூயார்க்கில் 20 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. வாங்கியவர் பெயரைச் சொல்லவில்லை. ஆய்வுக்காகப் பால்டிமோர் வால்டர்ஸ் அருங்காட்சியகத்தில் ஒப்படைத்தார். அப்போது அதில் நான்கு பக்கங்களில் தங்கம் மின்னும் சுவிசேஷகர் ஓவியங்கள் இருந்தன. பார்த்தால் பைசாந்தியக் காலத்தவை. ஆனால் ஹைபர்க் காலத்தில் அவை கிடையாது. நிறத்தைச் சோதித்தபோது 1938க்குப் பிறகே கடைக்கு வந்த ஒரு செயற்கைப் பச்சை அகப்பட்டது. விலையை ஏற்ற, இருபதாம் நூற்றாண்டில் யாரோ ஆர்க்கிமிடீஸின் மேல் பழங்கால அலங்காரம் பூசியிருக்கிறார்கள். டிகாஷனும் தங்கப் பெயிண்டும் வைத்து நான் செய்யப் பார்த்ததும் ஏறக்குறைய அதே வேலை! கடைசியில் ஸ்டான்ஃபோர்டின் துகள் முடுக்கியிலிருந்து வந்த எக்ஸ்-கதிர், பழைய மையிலிருந்த இரும்பை ஒளிரவைத்து, ஓவியத்துக்கு அடியிலிருந்த எழுத்தை மீட்டது.

எல்லோருக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி மடாலயங்களைக் கலைத்தபோது அவற்றின் நூலகங்கள் சிதறின. ஏடுகளை மெழுகுவர்த்தித் தண்டு துடைக்கவும், செருப்பு துடைக்கவும், கழிப்பறைக்கும் பயன்படுத்துகிறார்கள், மளிகைக்காரருக்கும் சோப்பு விற்பவருக்கும் விற்கிறார்கள் என்று 1549இல் ஜான் பேல் வருந்தி எழுதினார். இத்தனைக்கும் அவர் மடாலயங்களின் பரம எதிரி. மிஞ்சியதில் ஒரு பகுதி பைண்டர்களிடம் போய், புதிய புத்தகங்களின் முதுகுக்குள் கெட்டிப்புக்காக ஒட்டப்பட்டது. இன்று ஆய்வாளர்கள் அந்த முதுகுகளுக்குள்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது ஐஸ்லாந்துத் துண்டுகள். பிரெஞ்சுக் காதல் கதைகளின் நார்வே மொழிபெயர்ப்பை வெட்டி, பிஷப்பின் தொப்பி விறைப்பாக நிற்க உள்ளே வைத்துத் தைத்திருக்கிறார்கள். பிஷப்புக்கு அது தெரியுமா என்று நினைத்தால் சிரிப்புதான் வருகிறது. அவை இப்போது கோபன்ஹேகன் சுவடிச் சேகரிப்பில் இருக்கின்றன.

ஹாலோவீன் அலங்காரத்துக்கே ஒரு புத்தகம் உண்டு. மாசசூசெட்ஸின் டென்னிசன் கம்பெனி, தன் கிரேப் காகிதத்தை விற்பதற்காக 1909இல் ‘போகி புக்’ என்ற சிறு வெளியீட்டைக் கொண்டுவந்தது. (நம் போகிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இது பூச்சாண்டி.) கறுப்புப் பூனை, ஆரஞ்சுத் தோரணம், ஒருநாள் கழித்து குப்பைக்குப் போகிற காகித உடைகள் எல்லாம் செய்யும் விதம் அதில் இருக்கும். அந்தக் கையேட்டை இன்று சேகரிப்பாளர்கள் தேடித்தேடி வாங்குகிறார்கள். 1909இல் அதைத் தூக்கிப் போட்டவர்களை யார் குறை சொல்ல முடியும்?

என் தொகுப்பின் தாள் ஏற்கெனவே பழுப்பேறித்தான் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து மலிவுத் தாள் கந்தல் துணியிலிருந்து மரக்கூழுக்கு மாறியது. மரக்கூழில் லிக்னினும் அமிலமும் தங்கிவிடுவதால் அது தன்னைத்தானே தின்னும். 1500இல் அச்சான தாள் வெள்ளையாக இருக்க, நூறு வருடத் தாள் பொடிவது இதனால்தான். டிகாஷனே தேவையில்லை, ஜன்னலோரம் வைத்தால் போதும்.

“இதை வெட்டக் கூடாதாப்பா?” என்று மகள் கேட்டாள். வெட்டினோம். நீல மைத் தாளை மட்டும் முதலில் பிரித்தெடுத்து, முதுகுக்கும் தையலுக்கும் நடுவே உள்ளே தள்ளி, பசை தடவி மூடிவிட்டேன். மேலே மண்டையோடு. அது இப்போது கராஜில், பிளாஸ்டிக் சிலந்திகளோடு ஒரு அட்டைப்பெட்டியில் இருக்கிறது.