தாடை நோவும் இரு வைத்தியர்களும்

நறுவிலி மரத்தின் பெயரையும் குளத்தின் பெயரையும் ஒருங்கே தாங்கி நிற்கும் சிற்றூர் நறுவிலிக்குளம். மன்னார்ப் பகுதியைச் சேர்ந்த இவ்வூரிலும் அயலூர்களிலும் விருந்தினர் படியேறினால், நலம் விசாரித்த மறுகணமே வெற்றிலைத் தட்டம் முன்னே வந்துவிடும். அத்தட்டத்தில் கைவைத்த ஒருவருக்கு வாயைத் திறக்க இயலாமற் போவதாக எண்ணிப் பாருங்கள். காதுக்கு முன்னே குத்துவலி. கொட்டாவி விட்டால் ‘கடக்’கென்று ஓர் ஓசை. கடைவாய்ப் பல்லே காரணமென்று முடிவு செய்து, பட்டணஞ் சென்று பல்லைப் பிடுங்குவித்துக்கொண்டு திரும்புகிறார். பல் போயிற்று, நோ போகவில்லை.

இவ்வாறு குற்றமற்ற பல்லை இழந்தோர் உலகெங்கும் உண்டு. தாடை நோவுக்கு உரிய வைத்தியர் யார் என்பது நெடுங்காலம் தீர்க்கப்படாத வழக்காக இருந்தமையே அதற்குக் காரணம்.

காதுக்குச் சற்று முன்னே விரலை வைத்து வாயைத் திறந்து மூடினால், தோலின் கீழ் ஓர் எலும்பு முனை அசைவதை உணரலாம். அதுவே தாடை மூட்டு. கதவுக்கீல் போலச் சுழல்வதோடு அமையாது, முன்னும் பின்னும் வழுக்கியும் செல்லும் விந்தையான மூட்டு இது. இரு எலும்புகளுக்கும் இடையே மெத்தை போன்றதொரு தட்டு உண்டு. வலப்புற மூட்டு அசைந்தால் இடப்புறமும் அசைந்தே தீரவேண்டும். பற்கள் பொருந்தும் விதமும், கன்னத்துத் தசைகளின் இறுக்கமும், கழுத்தின் நிலையும் இம்மூட்டின் வேலையில் பங்குகொள்கின்றன. பல்லை மட்டும் அறிந்தவர் பாதியை அறிந்தவர். தசையை மட்டும் அறிந்தவர் மறுபாதியை அறிந்தவர்.

தாடை நழுவிப் போவதைப் பண்டைக்காலத்தார் நன்கு அறிந்திருந்தனர். கி.மு. 1600-ஆம் ஆண்டளவில் படியெடுக்கப்பட்ட எகிப்திய மருத்துவ ஏடொன்று, பெருவிரல்களை வாயினுள் வைத்து, ஏனைய விரல்களால் மோவாயைத் தாங்கி, நழுவிய தாடையைப் பின்தள்ளிப் பொருத்தும் முறையைக் கூறுகிறது. கிரேக்கத்து இப்போகிரட்டீசின் நூல்களிலும் அம்முறை உண்டு. சுசுருதரும் தாடையைப் பொருத்தியபின் ஒத்தடமிட்டுக் கட்டுக்கட்டச் சொல்கிறார். இன்றைய வைத்தியசாலையிலும் ஏறக்குறைய இதுவே செய்யப்படுகிறது! ஆயின், நழுவாமலே நோகும் தாடைக்குத்தான் போக்கிடம் இல்லாதிருந்தது.

பலவகைத் தொழிலாளர் ஒரே கூரையின் கீழ் நோயாளரைப் பேணுவது தமிழர்க்குப் புதிதன்று. காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடலில், வீரராசேந்திர சோழன் காலத்தில், 1068-ஆம் ஆண்டளவில் பொறிக்கப்பட்ட கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலையைப் பற்றிப் பேசுகிறது. அங்கே மருந்து கொடுக்கும் வைத்தியர் ஒருவர். அறுவை செய்வோர் வேறொருவர். மூலிகை கொணர்வோர், பணிப்பெண்டிர், நாவிதர் ஆகியோரும் இருந்தனர். பிற்காலத்தில், ஐரோப்பிய நகரங்களில் பல் பிடுங்குவது பெரும்பாலும் நாவிதர் கைக்குப் போயிற்று. எலும்பும் தசையும் மற்றொரு சாரார் கைக்குப் போயின. அப்பிரிவினை பின்னர் பட்டங்களாகவும் கல்லூரிகளாகவும் இறுகியதுதான் வினை.

இருபதாம் நூற்றாண்டிலே பிரிந்தவர்களைச் சேர்த்துவைத்தது முதலில் போர். முகமும் தாடையும் சிதைந்த படைவீரர்களுக்காக 1917-இல் இங்கிலாந்தின் சிட்கப்பில் திறக்கப்பட்ட வைத்தியசாலையில், அறுவை வைத்தியர் ஹரோல்ட் கில்லிசும் பல் வைத்தியர் கெல்சி ஃபிரையும் அருகருகே நின்று பணியாற்றினர். போர் முடிந்தபின் 1934-இல், அமெரிக்கக் காது வைத்தியர் ஜேம்ஸ் காஸ்ரன், பல்லிழந்தோரின் தாடை அளவுமீறி மூடி மூட்டருகே நரம்புகளை நெருக்குவதே நோவுக்குக் காரணம் என்றார். பற்களின் உயரத்தைக் கூட்டும் வேலை மும்முரமாயிற்று. அவர் கூறியபடி நெருக்குதல் நிகழ உடலமைப்பு இடந்தராதென உடற்கூற்று அறிஞர் ஹரி சிக்கர் பின்னர் விளக்கினார்.

திருப்பம் நியூயோர்க்கிலே நிகழ்ந்தது. கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் 1949-இல் தாடை மூட்டுக்கென ஒரு சிகிச்சை நிலையத்தைத் தொடங்கிய லாஸ்லோ சுவார்ட்சு, நோயாளர் பலரிடம் பழுது மூட்டிலன்றித் தசையின் இறுக்கத்திலேயே இருப்பதைக் கண்டார். பல்லை அராவுவதை விடுத்துத் தசையைத் தளர்த்தும் பயிற்சிகளை அவர் விதித்தார். கழுத்திலும் தலையிலும் உள்ள தசைகள் தம் நோவைத் தாடைக்கு அனுப்பவல்லவை என்பதை ஜனெற் திராவெல் என்னும் வைத்தியப் பெண்மணி 1960-இல் எடுத்துக்காட்டினார். அடுத்த ஆண்டிலே ஜனாதிபதி கெனடியின் வைத்தியராக அமர்ந்தவர் இவரே.

இவற்றின் பயனாகவே இன்றைய முறை உருவாயிற்று. இரவிற் பற்களை நெரிப்பவருக்குப் பல் வைத்தியர் வாயின் அளவெடுத்து ஒரு தகடு செய்து கொடுக்கிறார். இயன்மருத்துவர் கழுத்தை நிமிர்த்தி, கன்னத் தசைகளைப் பிடித்துவிட்டு, வெந்நீர் ஒத்தடத்தையும் அளவான அசைவுகளையும் கற்பிக்கிறார். சில வாரம் மெல்லிய உணவு. பெரும்பாலோர்க்குக் கத்தியே வேண்டியதில்லை.

வெற்றிலைத் தட்டத்தை மறந்துவிடலாகாது. வாய் திறவாமைக்கு நம் நாடுகளில் அதனினும் கொடிய காரணம் ஒன்று உண்டு. கெனியாவில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் ஐவரின் வாய், உட்தோல் இறுகித் திறவாதிருந்ததை 1952-இல் ஒரு வைத்தியர் எழுதினார். மறு ஆண்டே பம்பாயில் ஜோஷி என்பவர் அத்தகையோர் பலரைக் கண்டு எழுதினார். காரணம் பாக்கு. அதன் சத்துக்கள் கன்னத்தின் உட்புறத்தை நார்நாராக இறுகச் செய்கின்றன. மூன்று விரல் நுழையும் வாயில் ஒரு விரலும் நுழையாது போகும். சிலருக்கு அது புற்றுநோயாகவும் முற்றும். புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோய் விளைப்பதே என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2004-இல் அறிவித்தது.

இங்கே இரு வைத்தியரின் கூட்டு இன்னும் இன்றியமையாதது. பல் வைத்தியர் ஊசிமருந்து செலுத்தியோ இறுகிய நாரை அறுத்தோ வழி செய்வார்; ஆனால் அறுத்த புண் ஆறும்போது மீண்டும் சுருங்கும். நாள்தோறும் பலமுறை வாயை விரிக்கும் பயிற்சி இல்லையேல் அறுத்தது வீண். அதற்குரிய கருவியோ மிக எளியது: நாக்கை அழுத்திப் பார்க்கும் மெல்லிய மரத்தகடுகள். முன்பற்களின் இடையே அவற்றை அடுக்கி வைத்து, சிலநாட்களுக்கு ஒருமுறை இன்னொன்றைச் செருகவேண்டும். ஒரு தகடு கூடினால் வாய் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீற்றர் விரிந்ததென்று பொருள்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பல் வைத்தியமும் இயன்மருத்துவமும் இரு வேறு பீடங்களிற் கற்பிக்கப்படுகின்றன. மரத்தகடுகளை எண்ணும் வேலை நறுவிலிக்குளத்து வீட்டுத் திண்ணையிலேயே மாதக்கணக்கில் நடக்கவேண்டும். வெற்றிலைத் தட்டம் அப்போது உள்ளறையில் இருப்பது நன்று.