என்ட்ரோபி: ஒரு கலைச்சொல்லின் பொருள் வரலாறு

1. முன்னுரை

அண்டத்தின் முடிவு, உயிரின் தொடக்கம் ஆகிய இரு வினாக்களையும் இணைத்து நிற்கும் கலைச்சொல் 'என்ட்ரோபி' ஆகும். வெப்ப இயக்கவியலில் பிறந்த இச்சொல் அண்டவியலுக்கும் உயிரியலுக்கும் சென்றபோது எய்திய பொருள் வேறுபாடுகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. சொல்லாக்கம்

செருமானிய இயற்பியலாளர் ருடால்ஃப் கிளாசியஸ் 1865இல் இச்சொல்லை ஆக்கினார். 'மாற்றம்' எனப் பொருள்படும் 'திரோப்பே' என்னும் கிரேக்கச் சொல் இதன் அடியாகும். அவர் இரு நெறிகளைக் கைக்கொண்டார். பழைய மொழியினின்று எடுக்கப்படும் சொல் இக்கால மொழிகள் அனைத்திலும் மாறாது வழங்கும் என்பது ஒன்று. கருத்தால் நெருங்கிய 'எனர்ஜி' என்னும் சொல்லோடு வடிவாலும் ஒத்திருத்தல் வேண்டும் என்பது மற்றொன்று.

அண்டத்தின் ஆற்றல் மாறாதது, அதன் என்ட்ரோபியோ உச்சத்தை நாடுவது என்று அக்கட்டுரையை அவர் முடித்தார். இவ்வாறு, பிறந்த இடத்திலேயே இச்சொல் அண்டவியலைத் தொட்டது. கெல்வின் 1852இலும் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1854இலும் கூறியவற்றோடு சேர்ந்து, இக்கருத்து 'வெப்பச் சாவு' என்னும் கோட்பாடாக வளர்ந்தது. வெப்பநிலை வேறுபாடுகள் முற்றும் மறையின் எச்செயலும் நிகழாது என்பது அதன் சாரம்.

3. உயிரியலில் இச்சொல்

எல்லாம் சமநிலை நோக்கிச் சரியுமாயின் உயிர் எவ்வாறு நிலைபெறுகிறது? உயிர்களின் போராட்டம் மூலப்பொருளுக்கோ ஆற்றலுக்கோ அன்று, என்ட்ரோபிக்கே என்று போல்ட்ஸ்மன் 1886இல் வியன்னாவில் ஆற்றிய உரையில் கூறினார். வெப்பமான கதிரவனிலிருந்து குளிர்ந்த புவிக்கு ஆற்றல் பாயும்போது அது கிட்டுகிறது என்பது அவர் விளக்கம்.

ஷ்ரோடிங்கரோ, 1943இல் டப்ளினில் ஆற்றி 1944இல் நூலாக வெளியிட்ட உரைகளில், உயிர் உண்பது 'எதிர்மறை என்ட்ரோபி' என்றார். கருத்து ஒன்றே, குறி எதிரானது. முன்னவர் பாய்வினால் கூடும் அளவை எண்ணினார். பின்னவர் உடல் தன்னிடமிருந்து நீக்கும் அளவை எண்ணினார்.

இயற்பியலாளர் சிலர் இத்தொடரை ஏற்கவில்லை. அவர்களுக்கு மட்டும் எழுதியிருப்பின் 'கட்டிலா ஆற்றல்' என்றே எழுதியிருக்கக் கூடும் என்றும், அத்தொடர் மொழியளவில் 'ஆற்றல்' என்பதோடு மிக நெருங்கியிருப்பதால் பொதுவாசகர் வேறுபாட்டை உணரார் என்றும் ஷ்ரோடிங்கர் பின்னர்க் குறிப்பெழுதினார். கிளாசியஸ் விரும்பிய பெயர் நெருக்கத்தையே ஷ்ரோடிங்கர் அஞ்சினார் என்பது நோக்கத்தக்கது.

4. அண்டமும் உயிரும்

புவி கதிரவனிடமிருந்து பெறும் ஆற்றலும் விண்வெளிக்குத் திருப்பித்தரும் ஆற்றலும் ஏறத்தாழச் சமம். ஆயினும், ஏறத்தாழ 5,800 கெல்வின் வெப்பநிலையுடைய பரப்பிலிருந்து வரும் ஒளித்துகள் ஒன்றுக்கு ஈடாகப் புவி சுமார் இருபது அகச்சிவப்புத் துகள்களை வெளியிடுகிறது. என்ட்ரோபி அவ்வழியே வெளியேறுகிறது. குளிர்ந்த வானம் இதற்கு இன்றியமையாதது. அண்டம் விரிவதால் குளிர்ந்துபோன பின்னணிக் கதிர்வீச்சின் வெப்பநிலை இன்று 2.7 கெல்வின் அளவே. இத்தகைய பாய்வு ஒழுங்கமைப்பைத் தோற்றுவிக்கக் கூடும் என்று காட்டிய பிரிகோஜின் 1977இல் நோபல் பரிசு பெற்றார். எனினும் இவ்விதிகள் உயிர் தோன்றத் தடையில்லை என்பதையே நிறுவுகின்றன. அது தோன்றிய வழியைக் கூறுவதில்லை.

5. முடிவுரை

என்ட்ரோபியை 'ஒழுங்கின்மை' எனப் பெயர்ப்பது எளிது. ஆனால் அவ்வாறு பெயர்ப்பின், உயிர்கள் ஒழுங்கின்மைக்காகப் போராடுகின்றன என்று போல்ட்ஸ்மன் கூறியதாக ஆகும். அவர் கருத்து தலைகீழாகும். தமிழ்ப் பாடநூல்களில் வழங்கும் 'என்ட்ரோபி' என்னும் ஒலிபெயர்ப்பு இவ்விடரைத் தவிர்ப்பதோடு, கிளாசியஸின் முதல் நெறியையும் காக்கிறது. 'ஆற்றல்' என்னும் சொல்லோடு அதற்கு ஒலியுறவு இன்மையால் இரண்டாம் நெறி தமிழில் இழக்கப்படுகிறது. ஷ்ரோடிங்கரின் அச்சத்தை எண்ணின், அவ்விழப்பு தமிழ் வாசகர்க்கு நன்மையே எனலாம்.