கொத்தமல்லி முளைக்கவில்லையா? கை ராசியைக் குறை சொல்லாதீர்கள்

மளிகைக் கடையில் வாங்கிய கொத்தமல்லியில் ஒரு கைப்பிடி எடுத்துப் பூச்சட்டியில் தூவுகிறோம். பத்து நாள் கழித்து நாலைந்து செடிகள் தலைகாட்டுகின்றன. ஒரு மாதம் தாண்டியதும் அவையும் ஒல்லியாக உயர்ந்து, இலை நூல் போலச் சிறுத்து, வெள்ளைப் பூ வைத்துவிடுகின்றன. "எனக்குக் கை ராசி இல்லை" என்று சட்டியை மூலையில் கவிழ்த்து வைத்துவிடுகிறோம். பட்டர்வொர்த்திலும் கிள்ளானிலும் ஜொகூர் பாருவிலும் இதே கதைதான். நானும் மூன்று முறை கவிழ்த்தவன்தான்.

குறை கையில் இல்லை, வெயிலில் இருக்கிறது. கொத்தமல்லி குளிர்ச்சியை விரும்பும் பயிர். இந்தியாவிலேயே மழைக்காலம் முடிந்து குளிர் தொடங்கும்போதுதான் அதைப் பெரும்பாலும் விதைக்கிறார்கள். நம் சமவெளியில் பகலில் 32, 33 டிகிரி வெப்பம். இரவிலும் பெரிதாகக் குளிர்வதில்லை. சூடு அதிகமாகி வேரில் ஈரமும் குறைந்தால் செடி இலை விடுவதை விட்டுவிட்டுப் பூக்க அவசரப்படும். கேமரன் மலையில் அது செழிப்பாக வளர்வதற்குக் காரணமும் அங்குள்ள குளிர்தான்.

அதற்காகக் கீழே இருப்பவர்கள் கைவிட வேண்டியதில்லை. விதையைக் கையாளும் முறையை மாற்றினால் ஓரளவு வெற்றி கிடைக்கும்.

முதலில் விதைக்கு உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். சமையலுக்கு விற்கும் மல்லி எத்தனை மாதம் கிடங்கில் கிடந்ததோ தெரியாது. பத்து விதைகளை ஈரமான டிஸ்யூ தாளில் மடித்து, மூடிய டப்பாவில் வையுங்கள். பத்து நாளில் ஐந்துகூட முளைக்காவிட்டால் அந்தப் பொட்டலம் ரசப்பொடிக்குப் போகட்டும். விதைக்கடையில் தனியாக வாங்குங்கள்.

நாம் ஒரு விதை என்று நினைக்கும் அந்த உருண்டை உண்மையில் ஒரு காய். அதற்குள் இரண்டு விதைகள் இருக்கின்றன. நாளிதழ் மேல் பரப்பி, சப்பாத்திக் கட்டையால் லேசாக உருட்டினால் இரண்டாகப் பிளக்கும். அழுத்தினால் நொறுங்கிவிடும், கவனம். பிளந்ததை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் போட்டு மூடுங்கள். எந்தச் சட்டியில் வளரப்போகிறதோ அதிலேயே விதைக்க வேண்டும். ஆணிவேர் விடும் செடி என்பதால் பிடுங்கி நட்டால் அதிர்ச்சியில் இன்னும் சீக்கிரம் பூத்துவிடும். சட்டி 20 சென்டிமீட்டராவது ஆழம் இருக்கட்டும்.

காலை வெயில் மூன்று நான்கு மணி நேரம் போதும். பிற்பகல் வெயில் படாத இடம் பாருங்கள். அடுக்குமாடி வீட்டில் கிழக்குப் பார்த்த ஜன்னல் ஓரம் நல்லது. ஆண்டின் கடைசியில், நவம்பர் முதல் ஜனவரி வரை, மழையும் மேகமும் சூட்டைக் கொஞ்சம் தணிக்கும்போது விதைத்தால் பலன் கூடும். ஆனால் கூரைக்குக் கீழே வையுங்கள். நம் ஊர் மழை நாற்றை அடித்துச் சாய்த்துவிடும். ஈரம் தேங்கினால் தண்டின் அடி அழுகிப் படுத்துவிடும்.

இத்தனை செய்தும் ஐந்தாறு வாரத்திற்கு மேல் அதை நம்பாதீர்கள். ஒரு சாண் வந்ததும் அறுத்துவிட்டு, இரண்டு வாரத்திற்கு ஒருமுறை வேறொரு சட்டியில் புதிதாக விதையுங்கள். ஒரே சட்டி ஆண்டு முழுவதும் இலை தரும் என்ற ஆசைதான் பலரை ஏமாற்றுகிறது.

சமவெளியில் இருப்பவர்களுக்கு என் யோசனை வேறு: மலாய்க்காரர்கள் கெத்தும்பார் ஜாவா என்று சொல்லும் நீள இலைச் செடி. ஓரத்தில் முள் போன்ற பற்கள் இருக்கும். மத்திய அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்த செடி. சூட்டையும் நிழலையும் தாங்கும். மணம் மல்லியைவிடத் தூக்கல், அதனால் பாதி அளவு போதும். கொதிக்கும் ரசத்தில் போட்டாலும் மணம் போகாது. பச்சையாக அரைக்கும் சட்னிக்கு மட்டும் இலை கொஞ்சம் முரடு. விதை தூசி போல் இருக்கும்; மண்ணின் மேல் தூவி மெல்ல அழுத்தினால் போதும், மூடக்கூடாது. முளைக்க இரண்டு மூன்று வாரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். பூந்தண்டு கிளம்பும்போதே கிள்ளிவிட்டால் இலை தொடர்ந்து வரும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் வெந்தயத்தில் தொடங்குங்கள். ஓர் இரவு ஊறவைத்துத் தூவினால் இரண்டு மூன்று நாளில் முளைக்கும். மூன்று நான்கு வாரத்தில் கீரை. அடியில் துளையிட்ட ஐஸ்கிரீம் டப்பாகூடப் போதும். பிள்ளைகளிடம் கொடுத்தால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

ஓமத்தைத் தூவிவிட்டுக் கற்பூரவள்ளிக்குக் காத்திருப்பவர்கள் உண்டு. இரண்டும் வேறு செடிகள். சளிக்குக் கசாயம் வைக்கும் தடித்த இலைக் கற்பூரவள்ளிக்குத் தண்டை ஒடித்து நட்டாலே போதும். புதினா, கெசும் ஆகியவற்றுக்கும் விதை தேடி அலைய வேண்டாம். சந்தையில் வாங்கிய கட்டிலிருந்து நல்ல தண்டைத் தண்ணீரில் வைத்தால் வேர் விடும்.

கறிவேப்பிலையின் கதை மல்லிக்கு நேர் எதிர். அதன் விதை காய்ந்தால் செத்துவிடும். கறுத்துப் பழுத்த பழத்தைப் பறித்து, சதையைக் கழுவி நீக்கி, அன்றே அல்லது அடுத்த சில நாளில் விதைத்துவிட வேண்டும். முளைத்த பிறகும் முதல் ஆண்டு ஆமை வேகம்தான். அப்போது இலையைப் பறித்தால் செடி எழாது. அவசரப்படுபவர்கள் பெரிய மரத்தடியில் வேரிலிருந்து கிளம்பும் கன்றைத் தோண்டி எடுக்கலாம். தோட்டத்து லயத்துக்குப் பின்னால் நின்ற மரத்திலிருந்து அப்படிக் கன்று எடுத்துக்கொண்டு பட்டணத்துக்குக் குடிவந்த குடும்பங்கள் நம்மிடையே நிறைய. எலுமிச்சை வகை மரங்கள் உள்ள வீட்டில் ஒரு எச்சரிக்கை: அவற்றின் இலையை மஞ்சளாக்கிக் கொல்லும் நோயைப் பரப்பும் சிறு பூச்சி கறிவேப்பிலைக் கொழுந்திலும் தங்கும். கொழுந்து சுருண்டால் கிள்ளி அழித்துவிடுங்கள்.

தோட்டப்புறச் செம்மண்ணை அப்படியே சட்டியில் போட்டால் காய்ந்து கல்லாகிவிடும். இரண்டு பங்கு மண், ஒரு பங்கு மக்கிய உரம், ஒரு பங்கு தேங்காய் நார்த்தூள் என்று கலந்துகொள்ளுங்கள். சட்டிக்குக் கீழே உள்ள தட்டில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள். ஒரு வாரம் போதும், ஏடிஸ் கொசு பெருகிவிடும். அசுவுணி வந்தால் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். சாப்பிடும் இலையில் பூச்சிமருந்து வேண்டாம்.

ஊருக்குப் போய் வரும்போது விதைப் பொட்டலத்தையோ நாற்றையோ பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். 1976ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் சட்டப்படி அவற்றைக் கொண்டுவர முன் அனுமதி வேண்டும். அதைவிடச் சுலபமான வழி, பூத்துவிட்ட மல்லியைப் பிடுங்காமல் இரண்டு செடியை விட்டுவைப்பது. பச்சைக் காயை நசுக்கி ரசத்தில் போடலாம். மீதம் பழுப்பாக மாறியதும் தண்டோடு அறுத்து, மழை ஈரம் படாமல் காற்றாடிக்குக் கீழே இரண்டு வாரம் உலர்த்தி, புட்டியில் அடைத்து வையுங்கள். அடுத்த நவம்பருக்கு விதை தயார்.